மேனேஜர் இருபது நாள் வெளியே போகக் கூடாது

சாவிக்காரருக்குக் கல்யாணம் பேசி முடிக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. ஆனால் ஒரு பன்றிக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர அவருக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. இதை அவர் மனைவி யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவாள். "என்னைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் விசாரிக்கல. பன்னிக்கு மட்டும் மூணு தடவ ஆபீஸ் ஏறி இறங்கினாரு" என்பாள். அவள் சொல்வதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய கடை. உள்ளே ஒருவர் நின்றால் அடுத்தவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும், அவ்வளவு தாராளமான இடம். அதில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக டூப்ளிகேட் சாவி வெட்டுகிறார். எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றாக இருந்தால் அந்த மனுஷனுக்கு நிம்மதி கிடையாது. வீட்டில் குடை இரண்டு, டார்ச் இரண்டு, தண்ணீர் மோட்டாருக்கு ஸ்விட்ச் இரண்டு. மனைவி சலவைக்கடையில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தாள். ஆட்களும் வீட்டில் இரண்டு பேர்தான். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அடையாள அட்டையைப் பார்க்காமல் சாவி வெட்ட மாட்டார். கடை போட்ட இரண்டாவது வருடம் ஒருவன் சோப்புக்கட்டியில் அழுத்திய அச்சோடு வந்தான். சாவி தொலைந்துவிட்டது, உள்ளே கைக்குழந்தை தனியாக இருக்கிறது என்று அழாத குறையாகப் பேசினான். இவரும் இரக்கப்பட்டு வெட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஒரு தையற்காரியின் வீடு துடைத்து எடுக்கப்பட்டது. போலீஸ் வந்து விசாரித்துவிட்டு, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. தையற்காரி மட்டும் ஒருநாள் கடை முன்னால் வந்து நின்று அவர் கைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அதன் பிறகு சொந்த மைத்துனன் வந்து கேட்டாலும் அட்டையைக் காட்டு என்றுதான் கை நீட்டுவார்.

பன்றி வந்த கதை இதுதான். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் தீவன அறைப் பூட்டுக்குள் சாவி உடைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, கூட்டத்தில் பால் கிடைக்காமல் சோனியாகிப்போன ஒரு குட்டி வந்து அவருடைய கருவிப் பையின் மேல் படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்பினால் முறைத்தது. பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே, "உங்களைப் பிடிச்சுப் போச்சு, கொண்டு போங்க" என்றார். சாவிக்காரரும் சரியென்று பையோடு தூக்கினார். பண்ணைக்காரர் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ சார், இப்பவே இல்ல! பன்னி ரோட்டுல போகணும்னா அனுமதி வேணும். முதல்ல பன்னி வளர்க்கிற இடம்னு உங்க வீட்டுக்கு நம்பர் வாங்கணும். இதுக்குக் காதுல நம்பர் போட்ட வில்லை அடிக்கணும். எப்ப கிளம்புது, எந்த வண்டி, எங்க போய்ச் சேருதுன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும்."

"இது ஒரு முழம்தான இருக்கு?"

"முழமோ மைலோ, பன்னி பன்னிதான்."

இப்படித்தான் அவர் கால்நடை அலுவலகத்தின் நாலாம் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தார். ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்குக்கு ஒரே ஒரு பன்றி வளர்ப்பவருக்கும் ஆயிரம் வளர்ப்பவருக்கும் படிவம் ஒன்றுதான். 'மந்தையின் அளவு' என்ற இடத்தில் அவர் 'ஒன்று' என்று எழுதினார். 'மந்தை உரிமையாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டபோது மீசையைத் தடவிக்கொண்டார் என்று அந்த அம்மாள் பிற்பாடு சொன்னார். கூடவே விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. சாவிக்காரர் அதை அலுவலகத்திலேயே இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

புத்தகத்தில் மனைவியைப் பாடாய்ப் படுத்திய விதி ஒன்று இருந்தது. சமையலறை வழியாகப் போன எதையும் பன்றிக்குக் கொடுக்கக் கூடாது. மிச்சம் மீதி என்றில்லை, கடையில் வாங்கி வந்த கேரட்டைச் சமையலறையில் ஒரு நிமிஷம் வைத்திருந்தாலும் அது பன்றிக்கு ஆகாது. இறைச்சி பட்ட இடத்திலிருந்து எந்த நோய் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாதாம். அதனால் அவள் கேரட் பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து வீட்டைச் சுற்றிச் சந்து வழியாகப் பின்பக்கம் போவாள்.

"என் வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு உங்க பன்னிகிட்ட நான் அனுமதி வாங்கணும் போலிருக்கு" என்று முணுமுணுப்பாள். ஆனால் ஒரு நாள்கூடச் சந்து வழியை விட்டுச் சமையலறை வழியாகப் போனதில்லை.

குட்டிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அவள்தான். காலையில் எழுந்ததும் வேலியோரமாக ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கும், ஒரு குறை கண்டுபிடித்து உறுமும், பிறகு படுத்துவிடும். இரண்டே வருடத்தில் மேனேஜர் சாவிக்காரரின் இடுப்புக்கு வளர்ந்துவிட்டது. அவர் கடையிலிருந்து வரும் சைக்கிள் சத்தம் கேட்டால் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். அவரும் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே பின்பக்கம்தான் போவார். அன்றைக்கு யார் எந்தப் பூட்டோடு வந்தார்கள் என்பதெல்லாம் முதலில் அதற்குத்தான் தெரியும், பிறகுதான் மனைவிக்கு.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்றுவிட்டார். அடுத்த மாதம் இருபதாம் தேதி காலி செய்ய வேண்டும். சாவிக்காரர் பதறவில்லை. பக்கத்து ஊரில் கொட்டகையோடு ஒரு வீடு பார்த்தார், அதற்கும் வளர்ப்பிட எண் வாங்கினார். மனைவியின் தம்பி ஓட்டும் சலவைக்கடை வேனை ஏற்பாடு செய்தார். எல்லாம் கச்சிதம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கால்நடை மருத்துவர் ஒருமுறை, புது இடத்தில் ஒற்றைப் பன்றி ஏங்கிப்போகும் என்று சொல்லியிருந்தார். ஒற்றை என்ற சொல் காதில் விழுந்தால் நம் ஆளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எட்டாம் தேதி அதே பண்ணையிலிருந்து இன்னொரு குட்டியை முறைப்படி, வில்லையடித்து, கையெழுத்துப் போட்டு, அனுமதியோடு கொண்டுவந்து இறக்கினார். மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டூப்ளிகேட்டும் வந்தாச்சா?" என்றாள். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி, வீடு மாற்றும் அனுமதிக்காக வாயெல்லாம் பல்லாக நாலாம் ஜன்னலுக்குப் போனார். ஜன்னல் அம்மாள் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எட்டாம் தேதி உங்க இடத்துக்கு ஒரு பன்னி வந்திருக்கே, சார்."

"ஆமா மேடம். எல்லாம் முறைப்படிதான். தாள் இருக்கு."

"முறைப்படி வந்ததுதான் கஷ்டம். ஒரு பன்னி உள்ள வந்தா இருபது நாளைக்கு அங்கேருந்து எந்தப் பன்னியும் வெளிய போகக் கூடாது. வந்தது ஏதாவது நோய் கொண்டு வந்திருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும், அதான். இருபத்தொம்பதாம் தேதி காலையிலதான் நகரலாம்."

"புதுசுதான போகக் கூடாது? பழசு ரெண்டு வருஷமா இங்கதான இருக்கு?"

"எதுவும் போகக் கூடாது."

"மேடம், நான் இருபதாம் தேதி வீட்டைக் காலி பண்ணணும்."

"நீங்க தாராளமா போகலாம் சார். உங்களுக்கு ஒரு தடையும் இல்ல." அந்த அம்மாள் கேலியாகச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரே ஒரு விலக்கு இருக்கு. நேரா இறைச்சிக்கூடத்துக்குன்னா இன்னிக்கே அனுமதி தரலாம்."

தப்பு எங்கே என்று சாவிக்காரருக்குப் புரிந்துவிட்டது. பன்றியைக் கொண்டுவருவதைப் பற்றிய பக்கங்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அனுப்புவதைப் பற்றிய பக்கங்களை, அனுப்பும்போது படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். முதல் பூட்டைக் கழற்றி முடிக்காமல் இரண்டாவதில் கை வைக்காத தொழில் புத்தி. இரண்டு பிரதி வாங்கி என்ன பிரயோஜனம், இரண்டிலும் அந்தப் பக்கம் கசங்காமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. மைத்துனன்தான் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"இதுக்கா மாமா இப்படி உக்காந்துட்டீங்க? நம்ம வேன் இருக்கு. அழுக்குத் துணி மூட்டைக்கு நடுவுல ரெண்டையும் படுக்க வச்சுடுவோம். அந்த வாடையில இதுங்க வாடை யாருக்குத் தெரியப் போகுது?"

உண்மையில் அது நல்ல யோசனைதான். யாரும் வழியில் நிறுத்திக் கேட்கப் போவதில்லை. சாவிக்காரரும் ஒரு நிமிஷம் அதை மனதில் ஓட்டிப் பார்த்தார். மூட்டைகளை எப்படி அடுக்குவது என்பதுவரை போய்விட்டார். பிறகு புது வீட்டின் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வேலி ஞாபகம் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் பண்ணை. முன்னூறு பன்றி. டூப்ளிகேட்டுக்கு ஏதாவது இருந்தால், ஒரு காற்று போதும், ஒரு ஈ போதும்.

"வேண்டாம்ப்பா" என்றார். "எவன் பொழப்போ என் கையால போக வேண்டாம்."

"அப்ப மேனேஜரை வெட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

மனைவி சட்டென்று, "வாயை மூடுடா" என்றாள்.

அடுத்த நாள் வீட்டை வாங்கிய பல் டாக்டர் அளவு நாடாவோடு வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். சமையலறையை அளந்தார், ஜன்னலை அளந்தார். வாசலில் நின்று கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க சாவி வேலை பாக்கிறவர். அதனால நான் வந்ததும் எல்லாப் பூட்டையும் மாத்திடலாம்னு இருக்கேன். நல்ல ஆள் யாராவது தெரியுமா?"

சாவிக்காரர் முகம் சுளிக்காமல் தன் சகா ஒருவரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். கையோடு தன் விஷயத்தையும் சொன்னார். வீட்டை இருபதாம் தேதி கொடுத்துவிடுவோம். கொட்டகையும் பக்கத்தில் இருக்கும் சாமான் அறையும் மட்டும் ஒன்பது நாள் வேண்டும்.

"முடியாதே சார். இருபத்தொண்ணாம் தேதி கொட்டகையை இடிக்க ஆள் வருது. இதுக்கெல்லாம் போய் ஆபீசுக்குப் போனீங்களா? சத்தமில்லாம ஏத்திட்டுப் போக வேண்டியதுதானே. யாருக்குத் தெரியப் போகுது?"

"அங்க வேலிக்கு அந்தப் பக்கம் முன்னூறு பன்னி இருக்கு சார். அதுங்களுக்குத் தெரிஞ்சிடும்."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி அவரைப் பார்த்தார். பின்பக்கம் நடந்துபோய் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மேனேஜர் வந்து அவருடைய செருப்பை முகர்ந்து, குறை கண்டுபிடித்து, உறுமியது.

"இருபத்தொம்பதாம் தேதி மத்தியானத்துக்குள்ள?"

"காலையிலேயே போயிடுவோம் சார்."

டாக்டர் அந்தப் போன் நம்பர் எழுதிய துண்டுத் தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பூட்டு அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இருபதாம் தேதி மனைவி சாமான்களோடு புது வீட்டுக்குப் போனாள். சாவிக்காரர் சாமான் அறையில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார். காலையில் கடைக்குப் போவார், சாயங்காலம் திரும்புவார். வீட்டுக்குள் பெயின்டர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு சுண்ணாம்பு சுரண்டினார்கள். மனைவி சலவை வேனில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வேலிக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டுப் போவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் தனித்தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு அவளில்லாமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தார். "பன்னிகிட்ட சொல்லுங்க" என்றாள், ஆனால் அன்றைக்கு வேனை ஐந்து நிமிஷம் அதிகமாக நிற்க வைத்தாள்.

இருபத்துநாலாம் தேதி காலை டூப்ளிகேட் தொட்டிக்கு வரவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தது. காதைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது.

காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் அலுவலகத்துக்கு உடனே சொல்ல வேண்டும். இந்த முறை அவர் எந்தப் பக்கத்தையும் விடாமல் படித்திருந்தார். சொன்னால் மருத்துவர் வருவார், ரத்தம் எடுப்பார். அது பெரிய நோயாக இருந்துவிட்டால் இரண்டையும் அங்கேயே முடித்துவிடுவார்கள். மேனேஜருக்கு ஒரு நோவும் இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. சாவிக்காரர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். மேனேஜர் வந்து அவர் முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டது. அவர் அழுதார். பெயின்டர்கள் பாட்டை நிறுத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் போன் செய்தார்.

மருத்துவர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையில் வந்தார். இரண்டிடமிருந்தும் ரத்தம் எடுத்தார். முடிவு வர மூன்று நாள் என்றார். அதுவரை சாவிக்காரர் கடைக்கும் போகக் கூடாது. மைத்துனன் விஷயம் கேள்விப்பட்டு, "ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துட்டுச் சொல்லியிருக்கலாமே மாமா" என்று போனிலேயே பொருமினான். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "சொன்னது சரிதான். சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை ஒரு பெயின்டர் தயங்கித் தயங்கி வேலிக்கு வந்து, தன் துணிக் கையுறை ஒன்று மூன்று நாளாகக் காணோம் என்றார். சாவிக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் கொட்டகையைக் கூட்டும்போது கையுறை கிடைத்தது. எப்படிப்பட்ட நிலையில், எந்த வழியாக வந்து கிடைத்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. பெயின்டருக்கு அது இனி உதவாது. டூப்ளிகேட் எழுந்து தொட்டிக்குப் போய், மேனேஜருடைய பங்கையும் சேர்த்துத் தின்றது.

இருந்தாலும் ரத்த முடிவு வரும்வரை அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. இருபத்தேழாம் தேதி மருத்துவர் போன் செய்து, "ஒண்ணும் இல்ல, ரெண்டும் சுத்தம்" என்றதும், வாழ்நாளில் ஆடாதவர் சாமான் அறையில் ஒரு சுற்று ஆடினார். பெயின்டர்கள் கை தட்டினார்கள்.

மறுநாள் நாலாம் ஜன்னல். ஜன்னல் அம்மாள் அவரைப் பார்த்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். இறைச்சிக்கூட அனுமதி. வளர்ப்பிட எண், காது வில்லை எண் எல்லாம் நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"இதுக்குத்தான் திரும்பி வருவீங்கன்னு எழுதி வச்சிருந்தேன் சார். இந்த ஜன்னல்ல இருபது நாள்னு சொன்ன பிறகு வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க." தாளை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு திரையைத் திருப்பினார். "நகர்த்தும் காரணம்? விற்பனை, இனவிருத்தி, கண்காட்சி, வெட்டு. இதுல எதைப் போடட்டும்?"

"இதுல எதுவும் இல்லையே மேடம். வீடு மாறுறோம்."

அந்த அம்மாள் 'மற்றவை' என்ற கட்டத்தைத் திறந்து, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அச்சு இயந்திரம் தாளைத் துப்பியது. 'நகர்த்தும் காரணம்: குடும்பம் வீடு மாறுகிறது.' கீழே அரசு முத்திரை.

இருபத்தொன்பதாம் தேதி காலை, கழுவித் துடைத்து வைக்கோல் பரப்பிய வேனில் மனைவியும் வந்து இறங்கினாள். டூப்ளிகேட் ஓடி ஏறிவிட்டது. மேனேஜர் பலகையை முகர்ந்து, உறுமி, தன் இஷ்டத்துக்கு ஏறியது. மைத்துனன் வேன் தாழ்ப்பாளைப் போட்டான். சாவிக்காரர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். அவள் வேனின் நிழலில் நின்று மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஒரு இடத்தில் மறுபடியும் படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடும்பம்னு போட்டிருக்கு. எத்தனை பேர்னு போடலையே?"

"அதை அவங்க கேக்கல."

அவள் தாளைப் பத்திரமாக மடித்து அவர் பையிலேயே வைத்தாள்.

"வழியில யாராவது கேட்டா, நாலு பேர்னு சொல்லுங்க."